கிண்டியில் ஒரு பெரிய பூனை

இ. ம. சூ.

கூடுவாஞ்சேரி,
29 மார்ச் 2007, வியாழன்.

அன்பு மகன் ஜாய்சனுக்கு உன் அம்மா எழுதுவது. மாதாவின் துணையால் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகள் ஜோசலினும் அந்த மெல்போர்ன் குளிர் தொடங்கும் முன்பே ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் போட்டுக்கொள்ளும் புத்தியோடு இருக்க வேண்டும் என்று செபமாலையில் உங்களுக்கென்று தனியாக வேண்டிக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஃபோனில் பேசுகிறோமே, இப்போது எதற்கு இந்த அம்மா பேனாவைத் தூக்கினாள் என்று கேட்பாய். ஃபோன் ஹாலில் இருக்கிறது, அப்பாவும் ஹாலில் இருக்கிறார். மனுஷன் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து அவரைப் பற்றி உன்னிடம் குசுகுசுவென்று பேசிப் பேசி எனக்கே என்னைப் பிடிக்காமல் போய்விட்டது. அதனால்தான் கடிதம். இது உன் கைக்கு வரும்போது ஈஸ்டர் முடிந்திருக்கும், பரவாயில்லை, நிதானமாக உட்கார்ந்து படி. பாதியில் எழுந்து போகாதே. அம்மாவுக்கும் மூளை குழம்பிவிட்டது என்று முதல் பக்கத்திலேயே முடிவு கட்டாதே.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். போர் தண்ணீர் இன்னும் வருகிறது, ஆனால் மோட்டார் போட்டால் பெருமூச்சு விட்டுக்கொண்டு வருகிறது. எதிர் மனையில் அடுக்குமாடி வரப்போகிறதாம், இருந்த கொஞ்சம் முள்காட்டையும் ஜேசிபி வைத்து வழித்துவிட்டார்கள், மலை அடிவாரம் வரைக்கும் இப்போது மஞ்சள் கல்லும் கொடியும்தான். ஜோசலின் கேட்ட நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன், நீ மே மாதம் வரும்போது எடுத்துப் போகலாம். மே மாதம் என்றதும் எழுத வந்த விஷயத்துக்கே வந்துவிட்டேன். நீ வந்ததும் அப்பாவை மேடவாக்கம் பக்கத்தில் பார்த்து வைத்திருக்கும் அந்த இல்லத்தில் சேர்த்துவிட்டு, என்னை உன்னோடு கூட்டிக்கொண்டு போவது என்று இந்த மாத ஆரம்பத்தில் பேசி முடித்தோம் அல்லவா. நானும் சரி என்றேன். உன்மேல் தப்பில்லை, நீ கேட்டாய், நான் இரண்டு நாள் அழுதுவிட்டுச் சரி என்றேன். அந்தச் சரியைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் இப்போது எழுதுகிறேன். ஏன் என்று சொல்கிறேன் கேள்.

அப்பாவுக்கு வார்த்தைகள் நழுவிப் போவது உனக்குத் தெரியும். கரண்டியைச் சாவி என்பார். வாஷிங் மெஷினை இன்ஜின் என்பார். போன கிறிஸ்துமஸுக்கு கேரல் பாட வந்த பிள்ளைகளைப் பார்த்து 'எல்லாம் பாஸ் வச்சிருக்கீங்களா' என்று கேட்டார். இதெல்லாம் பழகிவிட்டது. ஆனால் தவக்காலம் தொடங்கிய பிறகு ஒரு புதுப் பேச்சு பேச ஆரம்பித்தார். சாப்பிட்டுக்கொண்டே இருப்பார், திடீரென்று கையை நிறுத்தி, 'ஹில்டா, கிண்டில ஒரு பெரிய பூனை படுத்திருக்கு, நீ பார்த்தியா' என்பார். பார்த்தேன் பார்த்தேன், நீங்க சாப்பிடுங்க என்பேன். உன்னிடமும் ஃபோனில் சொன்னாரே, நினைவிருக்கிறதா. நீ சிரித்தாய். நீ ரெண்டாம் கிளாஸ் படிக்கும்போது கிண்டி சிறுவர் பூங்காவுக்குப் போனதையும், குச்சி ஐஸ் உருகி உன் சட்டையெல்லாம் சிவப்பானதையும் பேசினாய். அப்பா ரிசீவரை என்னிடம் கொடுத்துவிட்டார். அப்புறம் நீ டாக்டரிடம் பேச, அவர் ஹாலுசினேஷன் என்றார், நீ அந்த வார்த்தையை எனக்குச் சொன்னாய், நான் அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் சரி என்றேன். இல்லாததைப் பார்க்கிற மனுஷனோடு தனியாக இந்த வீட்டில் எப்படி இருப்பது என்று நினைத்தேன், அதை மறைக்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது, அப்போது அதை நான் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. இந்த லேஅவுட்டில் தெருநாய்த் தொல்லை எப்படி என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன், ஒன்று ஊளையிட்டால் ஊரே கச்சேரி. அந்தக் கச்சேரி நின்றுபோய்விட்டது. அப்பாடா என்று நான் தூங்கினேன். பக்கத்து வீட்டு சம்பத், ஜிஎஸ்டி ரோட்டில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறாரே, அவருடைய ராக்கி நாயும் ஒரு நாள் காலையில் இல்லை. 'சங்கிலி கீது ஆண்டி, நாயைக் காணோம், எவனோ தூக்கிகினு பூட்டான்' என்று தெருவெல்லாம் தேடினார். மிச்சமிருந்த இரண்டு மூன்று நாய்களும் பொழுது சாய்ந்தால் யார் வீட்டுக் காருக்கு அடியிலாவது போய்ப் படுத்துக்கொள்ளும், வெளியே இழுத்தாலும் வராது. கார்ப்பரேஷன்காரன் பிடித்துக்கொண்டு போயிருப்பான் என்றேன் நான். கூடுவாஞ்சேரியில் ஏது கார்ப்பரேஷன் என்று சம்பத் என்னைக் கேலி செய்தார்.

இப்போது மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், நீ அதைப் பார்த்ததில்லை. நம் லேஅவுட் முடிகிற இடத்தில் குகை மாதிரி கட்டிய ஒரு சின்ன மாதா கெபியும், அதற்குப் பின்னால் சிலுவை மலையும் இருக்கிறது. மலை என்றால் கொடைக்கானல் மாதிரி நினைத்துக்கொள்ளாதே, பாறையும் முள்ளும் சேர்ந்த ஒரு மேடு, மறுபக்கம் பழைய கல்குவாரி, குழியில் பச்சைத் தண்ணீர், அதற்கு அப்பால் காடு. பங்குக் கோயில்காரர்கள் மலைமேல் சிலுவைப் பாதைக்கு ஒற்றையடிப் பாதை போட்டு, ஆண்டவர் சிலுவை சுமந்த பதினான்கு ஸ்தலத்துக்கும் சிமெண்ட் மேடை கட்டி, சிலுவை நட்டு, எண் எழுதி வைத்திருக்கிறார்கள். தவக்கால வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டமாகப் போவார்கள். கூட்டத்தைப் பார்த்தால் அப்பாவுக்குப் படபடப்பு வந்துவிடுகிறது, அதனால் நானும் அவரும் மட்டும் வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் போய்விட்டு வருவோம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு செபப்புத்தகத்தைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பேன், ஒவ்வொரு ஸ்தலத்திலும் முழந்தாளிடுவேன், அவர் முட்டிவலிக்காரர், நின்றபடியே என் பின்னால் ஏதோ முணுமுணுப்பார். எல்லாம் மறந்தாலும் செபம் மறக்கவில்லையே, பதில் சொல்கிறாரே என்று எனக்கு அவ்வளவு ஆறுதல்.

போன வெள்ளிக்கிழமை எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மோர் குடித்துவிட்டு ஃபேனுக்கு நேராகப் படுத்த வினை, ஒரு சொல் வெளியே வரவில்லை, காற்றுதான் வந்தது. போகாமல் விட்டிருக்கலாம். ஆனால் அப்பா செருப்பு போட்டுக்கொண்டு, குடைக்கம்பு மாதிரி அந்தப் பிரம்புக்கைத்தடியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டார். வெள்ளிக்கிழமை என்பது மட்டும் அவருக்கு எப்படியோ தெரிகிறது. சரி, மனசுக்குள் சொல்லிக்கொண்டே போவோம் என்று கிளம்பினேன்.

முதல் ஸ்தலத்தில் முழந்தாளிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தேன். என் சத்தம் இல்லாததால் முதல் முறையாக அப்பா என்ன முணுமுணுக்கிறார் என்று காதில் விழுந்தது. 'தாம்பரம்' என்றார். எனக்குப் புரியவில்லை. இரண்டாம் ஸ்தலத்தில் நின்று, 'சானடோரியம்' என்றார். மூன்றாவதில் 'குரோம்பேட்டை'. சிரிப்பு வந்துவிட்டது ஜாய்சன். தவக்காலத்தில், பாடுபட்ட சுரூபத்துக்கு முன்னால், குரலும் இல்லாமல் தோள் குலுங்கச் சிரித்தேன், ஆண்டவர் மன்னிக்கட்டும். முப்பது வருஷத்துக்கு மேல் தாம்பரம் பீச் லைனில் ரயில் கார்டாக இருந்த மனுஷனிடம் பதினான்கு ஸ்தலத்தை இங்கிலீஷில் பதினான்கு ஸ்டேஷன் என்று சொன்னால் அவருக்கு வேறெந்த ஸ்டேஷன் தெரியும். நான் செபம் என்று நினைத்து உருகியதெல்லாம் மின்சார ரயில். பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் என்று ஒன்றும் தவறாமல் சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டுக்குப் போனதும் உனக்கு ஃபோன் போட்டு, உன் அப்பா ஆண்டவரை எக்மோர் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகாமல் சேத்துப்பட்டிலேயே இறக்கிவிடுகிறார் என்று சொல்லிச் சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

எட்டாம் ஸ்தலத்தில் அவர் 'பரங்கிமலை' என்றார். நான் முழந்தாளிலிருந்து எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, அடுத்தது என்ன என்று விளையாட்டாக எண்ணினேன். பரங்கிமலைக்கு அடுத்தது கிண்டி.

அந்த நிமிஷம் எனக்குச் சிரிப்பு நின்றது. எதுவும் நடக்கவில்லை, எதுவும் கண்ணில் படவில்லை. கிண்டியில் ஒரு பெரிய பூனை. அவர் பூங்காவைச் சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு முந்தின எதையும் சொல்லவில்லை. ஒன்பதாம் ஸ்தலத்தைச் சொல்லியிருக்கிறார், வெள்ளிக்கு வெள்ளி, தெளிவாக, இடம் குறித்துச் சொல்லியிருக்கிறார், நாம்தான் சிரித்திருக்கிறோம். ராக்கி நாயின் வெறும் சங்கிலி ஞாபகம் வந்தது. சுற்றிலும் ஒரு காக்காய் சத்தம் கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நில்லுங்க என்று கத்தப் பார்த்தேன், காற்றுதான் வந்தது. அவர் எனக்கு முன்னால் நடந்து பாறை வளைவைத் தாண்டிவிட்டார். நான் ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்தேன், பிடித்த இடமே ஒன்பதாம் ஸ்தலம்.

அது சிமெண்ட் மேடைமேல், சிலுவைக்கு அடியில் படுத்திருந்தது. சிறுத்தை. வீட்டுப் பூனை காம்பவுண்டுச் சுவரில் படுத்திருக்குமே, அதே மாதிரி ஒரு முன்னங்கால் கீழே தொங்க, உடம்பெல்லாம் அசையாமல் வாலின் நுனி மட்டும் புரண்டுகொண்டிருந்தது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் நம் ஹால் அளவு தூரம் இருந்தால் அதிகம். விடிகிற வெளிச்சத்தில் முதலில் அந்தப் புள்ளிகள் தெரியவில்லை, ஈரச்சாக்கு நாற்றமும் பழைய ரத்த வாடையும் கலந்து ஒரு நாற்றம்தான் முதலில் வந்தது, அப்புறம் கண். ஜாய்சன், அது என்னைப் பார்க்கவில்லை. உன் அப்பாவைப் பார்த்தது. தினமும் ஒரே வண்டியில் வருகிற ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்தது. அப்பாவும் பதறவில்லை. என் பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்து, 'நான் சொன்னேன்ல' என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைகள் எல்லாம் எனக்கு அப்போது கண்முன் வந்தன. கண்ணைப் புத்தகத்தில் வைத்து, முதுகை வளைத்து, தலையைத் தரையில் வைக்காத குறையாக நான் முழந்தாளிட்டிருந்தபோதெல்லாம் அது மேலே பாறையிலிருந்தோ புதரிலிருந்தோ என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு என் பின்னால் இவர் நின்றிருக்கிறார்.

பயத்தில் என்ன செய்கிறோம் என்றே தெரியாதாம், என் கால் தானாக மடங்கியது. ஸ்தலம் வந்தால் முழந்தாளிடுவது சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம், மூளை உறைந்துவிட்டது, முட்டி மட்டும் தன் வேலையைப் பார்த்தது. நான் தாழ்ந்ததும் அதன் வால் நின்றது. தொங்கிய கால் மேடைமேல் ஏறியது. அப்பா என் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். 'இங்க இறங்காத. இன்னிக்கு கிண்டில நிக்காது' என்றார். குரல் எப்படி இருந்தது தெரியுமா, வெள்ளை டிரஸ்ஸும் பச்சைக் கொடியுமாக நான் கல்யாணம் செய்துகொண்டேனே, அந்த எட்மண்டின் குரல். எத்தனை வருஷமாயிற்று அந்தக் குரலைக் கேட்டு. என்னை மெல்லத் திருப்பி, வந்த பாதையைக் காட்டி, 'நீ முன்னால போ. திரும்பாத. நான் கடைசிப் பெட்டில இருக்கேன்' என்றார். பிறகு கைத்தடியால் பாறையில் இரண்டு தட்டு தட்டினார்.

உனக்கு மறந்திருக்காது. சின்ன வயதில் ரயில்வே குவார்ட்டர்ஸில் நீ ரயில் ஓட்டி விளையாடுவாய், நான் நடுப்பெட்டி, அப்பா கடைசியில் தட்டும் ஸ்பூனும் வைத்துக்கொண்டு கார்டு. ஒரு தட்டு என்றால் நில், இரண்டு தட்டு என்றால் புறப்படு. மணி கேட்காமல் வண்டியை எடுத்தால் உனக்கு அன்று மிட்டாய் கிடையாது. எனக்கு அன்றைக்கு அந்த மணி கேட்டது, நான் நடந்தேன். ஓடவில்லை. அவர் அதன் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே இறங்கி வந்தார் என்பது எனக்குக் காலடிச் சத்தத்தில் தெரிந்தது, செருப்பை இழுத்து இழுத்து, குதிகாலால் தடவித் தடவி. வீட்டில் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்கிற மனுஷன் அந்தக் கரடுமுரடுப் பாதையில் திரும்பிப் பார்க்காமல் பின்னால் நடந்து வந்தார். ஒவ்வொரு ஸ்தலத்தையும் நான் தாண்டத் தாண்டப் பெயர் சொன்னார். பரங்கிமலை. பழவந்தாங்கல். அந்தப் பெயர் காதில் விழுந்தால் அவர் இருக்கிறார். அடுத்த பெயர் வரும்வரைக்கும் எனக்கு உயிர் இல்லை.

மீனம்பாக்கம் என்றார், அப்புறம் திரிசூலம் வரவில்லை. நான் ஐந்தாம் ஸ்தலத்தின் சிலுவையைத் தொடும் தூரத்துக்கு வந்துவிட்டேன், பின்னால் சத்தமே இல்லை. செருப்புச் சத்தமும் இல்லை. திரும்பிவிடலாம் என்று தலை பாதி திரும்பியபோது ஒரே ஒரு தட்டு கேட்டது. நில். நின்றேன். என் வலது பக்கத்துப் புதரில், காற்றே இல்லாதபோது, காய்ந்த புல் வரிசையாகச் சாய்ந்துகொண்டு கீழ்ப்பக்கமாகப் போனது. எங்களைத் தாண்டி முன்னால் போகிறதா, இல்லை சுற்றிக்கொண்டு பின்னால் வருகிறதா என்று தெரியவில்லை. நான் மாதாவே என்று கூட நினைக்கவில்லை, அடுத்த தட்டு எப்போது வரும் என்று மட்டும்தான் நினைத்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. பிறகு புல் சாய்வது நின்றது. இரண்டு தட்டு கேட்டது. 'திரிசூலம்' என்றார் அப்பா, பக்கத்தில், என் பிடரிக்குப் பின்னாலேயே. அப்புறம் பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம். தாம்பரம் என்று அவர் சொன்னபோது கெபி தெரிந்தது, அங்கே பெருக்கிக்கொண்டிருந்த ஜெயசீலி விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். 'இன்னா ஆண்டி, மூஞ்சி இப்படி வெளுத்துக் கீது, இன்னா ஆச்சு' என்று என்னைப் பிடித்து உட்கார வைத்தாள். எனக்குக் குரல் இல்லை. பேச முடிந்த அப்பாவோ, காபி கிடைக்குமா என்று அவளைக் கேட்டார்.

வெயில் ஏறிய பிறகு நான் பேப்பரில் எழுதிக் காட்ட, சம்பத்தும் இன்னும் நான்கு ஆட்களும் கம்பு எடுத்துக்கொண்டு மேலே போனார்கள். நான் சொன்னதைப் பாதிதான் நம்பிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த சம்பத்தின் முகம் சரியில்லை. பாதையில் மணல் கிடக்கும் இடங்களில் என் செருப்புத் தடம் முன்னே, அதற்குப் பின்னால் அப்பாவின் தடம், குதிகால் முன்னும் விரல் பின்னுமாக. 'அங்கிள் வச்ச காலுமேலயே அது கால் வச்சிகினு வந்துகீது ஆண்டி. குரோம்பேட்டை வரிக்கும் வந்துகீது' என்றார், அப்பாவின் கணக்கு அவருக்கும் அதற்குள் ஒட்டிக்கொண்டது. மூன்றாம் ஸ்தலம் வரைக்கும் எங்களை வழியனுப்ப வந்திருக்கிறது. வனத்துறையிலிருந்து இரண்டு பேர் வந்து தடத்தை அளந்தார்கள், குவாரித் தண்ணீருக்கு வருகிறதோ என்னவோ என்றார்கள், கூண்டில் ஒரு ஆட்டுக்குட்டியைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆடு அப்படியே இருக்கிறது. ஃபாதர் பாதையை மூடிவிட்டார், நாளைக்குச் சிலுவைப் பாதை கோயிலுக்குள்ளேதான்.

இதில் எனக்கு மனசு ஆறாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று மத்தியானம் எனக்குக் கொஞ்சம் குரல் வந்ததும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க சொன்னது நிஜம்தான், நான்தான் நம்பாமப் போயிட்டேன் என்று அழுதேன். அவர் என்னைப் பார்த்தார். 'என்ன பூனை' என்று கேட்டார். கிண்டியில் பார்த்தோமே என்றேன், காலையில் மலையில் பார்த்தோமே, நீங்கதானே என்னைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள் என்றேன். அவருக்கு ஒன்றும் இல்லை, துடைத்துவிட்ட சிலேட்டு. ஆனால் நான் அழுவதைப் பார்த்து மனசு கேட்காமல் என் கையைத் தட்டிக்கொடுத்து, 'சரி, பார்த்தே, பார்த்தே, நீ சாப்பிடு' என்றார். இத்தனை நாள் நான் அவருக்குச் சொன்ன அதே சொல், அதே ராகம். அதை மறுபக்கத்திலிருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது ஜாய்சன், உனக்கும் தெரியாது. உண்மையைச் சொல்கிறவனிடம் சரி சரி என்று தலையாட்டுவதைப் போல ஒரு கொடுமை கிடையாது.

அவருக்கு மறந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அவர் எனக்கு முன்னால் நடப்பதில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான்கு அடி முன்னால் போய், நான் வருகிறேனா என்று கூடப் பார்க்காத மனுஷன், இப்போது சமையலறையிலிருந்து ஹாலுக்கு வந்தாலும் என் பின்னால்தான் வருகிறார். மாடியில் துணி எடுக்கப் போனால் பின்னால் படியேறுகிறார், இறங்கும்போது அவர் முதுகு என் பக்கம், முகம் மாடிக் கதவின் பக்கம். ஏன் இப்படி வர்றீங்க என்று கேட்டேன். அவருக்கே தெரியவில்லை. கொஞ்சம் யோசித்து, 'பின்னால ஆள் வேணும்ல' என்றார்.

அந்த இல்லம் நல்ல இல்லம்தான், சுத்தமாக இருந்தது, பார்த்துக்கொள்பவர்கள் நல்ல பிள்ளைகள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே உன் அப்பா யார் பின்னால் நடப்பார் சொல். என் பின்னால் இவர் இல்லாமல் மெல்போர்ன் தெருவில் நான் எப்படி நடப்பேன். அதனால் நான் வரவில்லை, அவரும் போகவில்லை. நீ மே மாதம் வா, வந்து சும்மா எங்களோடு இரு, ஒரு டிக்கெட்டும் கூடுதலாக எடுக்க வேண்டாம். வாராவாரம் ஃபோன் செய், அப்பா ஏதாவது புரியாமல் சொன்னால் சிரிக்காதே, எந்த ஸ்டேஷன் என்று கேள்.

உனக்கும் ஜோசலினுக்கும் ஆண்டவரின் சமாதானம் எப்போதும் இருக்கட்டும். பெரிய வெள்ளியன்று வேலை வேலை என்று ஓடாமல் இரண்டு பேரும் கோயிலுக்குப் போயிருப்பீர்கள், ஒரு சந்தி நோன்பும் இருந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். ராத்திரி வண்டி ஓட்டாதே. இங்கிருந்தே உங்கள் இருவர் நெற்றியிலும் சிலுவை போடுகிறேன். இன்னும் எழுத இருக்கிறது, பொழுது சாய்கிறது, விளக்கு போட வேண்டும். அப்பா என் நாற்காலிக்குப் பின்னால்தான் நிற்கிறார், கொல்லைக் கதவைப் பார்த்தபடி. தெருவில் இன்றைக்கும் ஒரு நாய்ச் சத்தம் இல்லை. இப்போது கைத்தடியால் தரையில் ஒரு தட்டு தட்டினார்.

ஒரே ஒரு தட்டுதான் தட்டினார். நான் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு அசையாமல் இருந்தேன், என்ன என்று திரும்பிப் பார்க்கவில்லை. இப்போதுதான் இரண்டு தட்டினார். அதனால் கையெழுத்துப் போடுகிறேன்.

உன் அன்பு அம்மா,
ஹில்டா எட்மண்ட்